காற்றுப் புகாத பெட்டி

காசுகள் பிஸ்கட் டப்பாவில் கிடந்த காலத்தில் அந்த வீட்டில் யாரும் யாரையும் சந்தேகப்பட்டதில்லை. டப்பா சமையலறை அலமாரியில், சீனிக்கும் தீப்பெட்டிக் கட்டுக்கும் நடுவில் இருந்தது. மூடி அத்தனை இறுக்கம். திறக்க ஸ்க்ரூடிரைவர் வேண்டும். மழை பெய்து லாரிகள் வராத பகல்களில் டயர்க்காரர் அதை நெம்பித் திறந்து படுக்கை மேல் கவிழ்ப்பார். மனைவியும் மகனும் மருமகளும் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு கட்டிலுக்கடியில் உருண்டு ஓடும். வீடு பெருக்கும்போது கிடைத்தால் எடுத்துப் போடுவார்கள்.

டயர்க்காரர் என்றால் டயர் விற்பவர் அல்ல. தேய்ந்த டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பர் பட்டை ஒட்டி, நீராவியில் வேகவைத்துக் கொடுப்பவர். எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. முன்பாதி பட்டறை, பின்பாதியில் குடித்தனம். நடுவில் ஒரு கதவு. ரப்பர் வேகும் வாசனை அந்தக் கதவை மதித்ததே கிடையாது; அவர்கள் வீட்டுத் தலையணையில்கூட அது இருக்கும். டயர் வேகும்வரை காத்திருக்கும் லாரிக்காரர்கள் அவரிடம் கதை பேசுவார்கள். தூரத்து ஊர்களில் கிடைத்த பழைய வெள்ளிக் காசுகளை அவருக்கென்று எடுத்து வருவார்கள். அப்படி முப்பது வருஷத்தில் சேர்ந்தவை அவை.

கடைத்தெருவில் பழைய காசும் ஸ்டாம்பும் விற்கிற ஒருவர் தன் வண்டி டயருக்காக வந்தபோது டப்பாவைப் பார்த்தார். பார்த்தவர் டீயைக் குடிக்க மறந்தார். இருபத்தாறு காசுகளைப் பொறுக்கியெடுத்து, தரம் பார்க்கிற கம்பெனிக்கு அனுப்பச் சொன்னார். ஐந்து மாதம் கழித்து அவை திரும்பி வந்தன. ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலக் கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து ஒட்டப்பட்டிருந்தது. கூட்டின் மேல்பக்கம் ஒரு சீட்டு. அதில் காசின் வருஷம், எழுபதுக்கு இத்தனை என்று தரம், கீழே நீளமாக ஓர் எண். கூட்டைத் திறக்க உடைக்கத்தான் வேண்டும். உடைத்தால் அந்தத் தரம் செல்லாது.

"பரீட்சை எழுதி மார்க்கோட வந்திருக்கு. உங்க புள்ள கடைசி வரைக்கும் கொண்டு வராத மார்க்கு," என்றார் மனைவி.

அறுபத்தாறு வாங்கியிருந்த ஒன்றை மகன் கையில் எடுத்தான்.

"பாத்து, பாத்து," என்றார் டயர்க்காரர். அந்தக் காசுகளைப் பற்றி அந்த வீட்டில் அந்த வார்த்தை சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து எங்கே வைப்பது என்பதே பேச்சு. மழை தொடங்கியிருந்தது. பட்டறைத் தகரத்தில் மழை விழும் சத்தத்தில் அவர்கள் ரகசியத்தைக் கத்திக் கத்திப் பேசினார்கள்.

காசுக்கடைக்காரர் குடையோடு வந்து யோசனை சொன்னார். "மரப்பெட்டி வேண்டாம். மரத்துல இருந்து வர்ற ஆவி காசுக்கு ஆகாது. ஈரம் ஆகவே ஆகாது. கூட்டுக்குள்ளதான இருக்குன்னு நெனச்சுக்காதீங்க, இதுக்குள்ளயும் கொஞ்சம் கொஞ்சமா காத்து போகும். அப்புறம் முக்கியமா ஒண்ணு. என்ன அழுக்குப் பிடிச்சாலும் தேய்க்கக் கூடாது. தேய்ச்ச காசு செத்த காசு."

"பேங்க் லாக்கர்ல வெச்சா?" என்றான் மகன்.

"ரொம்ப நல்லது. ரெண்டு பேர் கையெழுத்து குடுத்து வைக்கலாம். உங்கப்பாவால முடியலைன்னா இன்னொருத்தர் போய் எடுக்கலாம்."

அந்த 'இன்னொருத்தர்' என்ற இடத்தில் டயர்க்காரர் நின்றுவிட்டார். கடைக்காரர் குடையை விரித்துக்கொண்டு போன பிறகும் அங்கேயே நின்றார்.

"யாரைப் போடறது?"

"என்னைப் போடுங்களேன்," என்றார் மனைவி. "முப்பது வருஷமா உங்க சட்டைக்குப் பட்டன் தெச்சுக்கிட்டிருக்கேன்."

"உன்னைப் போட்டா உன் தம்பியைப் போட்ட மாதிரி. நீ காலைல தும்முனா மத்தியானம் அவன் மருந்தோட வந்து நிக்கறான்."

"அப்ப உங்க புள்ளையைப் போடுங்க."

டயர்க்காரர் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "இவன்கிட்டச் சொன்னா சாயந்தரத்துக்குள்ள இவ காதுக்குப் போயிடும்."

இவ என்றது மருமகளை. அவள் சுரண்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு டயரின் வெட்டுக்காயத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "என் காதுக்கு வந்தா உள்ளயேதான் இருக்கும் மாமா. வெளிய போற வழிய ரப்பர் தூசி அடைச்சிருக்கு," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டயர்க்காரரும் சிரித்தார், கடைசியாக.

"பீரோல வைங்க," என்றார் மனைவி.

"பீரோ செஞ்சவன் இன்னொரு சாவி வெச்சிருக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

"அவன் செத்து ஏழு வருஷம் ஆச்சு."

"அவன் மகன் இருக்கான்ல?"

"தீ பிடிக்காத இரும்புப் பெட்டி விக்கறாங்களாம்ப்பா," என்றான் மகன்.

"அதை வீட்டுக்குள்ள தூக்கிட்டு வர நாலு ஆள் வேணும். உள்ள ஏதோ இருக்குன்னு நாலு பேருக்கும் நாமளே சொன்ன மாதிரி ஆகும்."

மனைவி காலி டம்ளர்களைப் பொறுக்கினார். "அப்ப முழுங்கிடுங்க. அதுதான் ஒரே எடம்."

இரண்டு நாள் கழித்து அவரே ஒரு முடிவுக்கு வந்தார். டயருக்குள் அடைத்த காற்று வெளியே போவதில்லை. அப்படியென்றால் வெளிக்காற்று எப்படி உள்ளே வரும்? ஈரத்துக்கும் ரப்பருக்கும் என்றைக்கு உறவு இருந்தது? பெட்டியைப் பட்டறையிலேயே செய்வோம் என்றார். வேறு தொழில் செய்கிற வீட்டில் யாருக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

ஒரு கெட்டித் தகரப்பெட்டி வாங்கினார். உள்ளே நான்கு பக்கமும் மூடியிலும் ஒட்ட, முதல் தரமான ரப்பரைச் சுருளிலிருந்து தாராளமாக வெட்டினார். கூடுகள் நிற்பதற்குப் பள்ளம் பள்ளமாக ஒரு ரப்பர்த் தட்டு. ஒட்டுகிற வேலையை மருமகளிடம் கொடுத்தார். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ரப்பர் பட்டையின் இரண்டு முனைகள் சேரும் இடம்தான் அந்தத் தொழிலின் மானம். அங்கே கோடு தெரிந்தால் டயர் வழியிலேயே பிய்ந்துகொள்ளும். அவள் சேர்த்த இடத்தை டயர்க்காரரே கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தேடுவார்.

"கோடு எங்கம்மா?"

"நீங்களே கண்டுபிடிங்க மாமா."

அந்தப் பட்டறையில் கைவைத்த முதல் பெண் அவள்தான். வந்த முதல் வாரம், வேகவைக்கும் தொட்டியின் கதவில் அவளுடைய வெள்ளி வளையல் சிக்கி நசுங்கியது. வெள்ளிப் பட்டறையில் மெருகு போடுகிற அவளுடைய அண்ணன் கொடுத்த வளையல். டயர்க்காரர்தான் அதைக் கட்டையில் வைத்துத் தட்டி மறுபடி வட்டமாக்கினார். மூன்று சின்னக் குழிகள் விழுந்தன. "கையெழுத்துப் போட்டுட்டேன்," என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். மாதம் ஒன்று ஆவதற்குள் வளையல் நீலம் பாரித்துக் கறுத்தது. பட்டறையில போட்டா கறுக்குது மாமா என்று அவள் சொன்னாள். "அது உடம்புச் சூடு. தண்ணி நெறையக் குடி," என்றார் அவர். அங்கே வேலை செய்த ஆண்கள் யாரும் வெள்ளி போட்டவர்கள் அல்ல. அவள் அதற்குமேல் பேசவில்லை. வேலைக்கு வரும்போது வளையலைக் கழற்றி, பின்கட்டில் துணிக்குள் சுற்றி வைத்துவிடுவாள்.

பெட்டி தொட்டியில் மூன்று மணி நேரம் வெந்து வெளியே வந்தது. டயர்க்காரர் அதற்குள் ஒரு துண்டுக் காகிதத்தைப் போட்டுப் பூட்டி, டயர் முக்கும் தண்ணீர்த் தொட்டியில் அரை நாள் அமுக்கி வைத்தார். திறந்தபோது பெட்டி உதட்டைப் பிரிப்பதுபோல் ஒரு சத்தம் போட்டது. காகிதம் மொறுமொறுவென்று இருந்தது. அதைத் தெருமுனை வரை கொண்டு போய்க் காட்டத் துடித்தவர், காட்டினால் தெரிந்துவிடுமே என்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காசுகள் கூடுகளோடு பெட்டிக்குள் போயின; சாவி அவர் இடுப்புக் கயிற்றில் ஏறியது. அது போதாதென்று மூடியும் பெட்டியும் சேரும் இடத்தில் நூல் கனத்தில் ஒரு வேகாத ரப்பர் இழையை ஒட்டினார். யாராவது திறந்தால் இழை அறுந்து காட்டிக்கொடுக்கும். பெட்டி இருக்கும் இடம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அவர் கட்டிலுக்கடியில் இருக்கிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அந்த இடத்தில் மட்டும் யாரும் பெருக்குவதில்லை.

மழை விடும் சமயத்தில் அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று நர்ஸ் சொன்னாள். மகன் மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தான். மனைவி வெந்நீர் வாங்கப் போயிருந்தார். தள்ளுவண்டிக் கட்டிலின் பக்கத்தில் நின்றது மருமகள் மட்டும்தான். அவர் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார்.

மூன்று நாள் சாவி அவளிடம் இருந்தது. வீடு திரும்பியதும் தண்ணீர் கேட்பதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்கினார். அன்றே குனிய முடியாமல் குனிந்து, டார்ச் அடித்து இழையைப் பார்த்தார். அறுபடவில்லை. திறந்து பார்க்க அப்போது உடம்பில் தெம்பு இல்லை.

திறந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. கண்காட்சிக்குப் போயிருந்த காசுக்கடைக்காரர், திரும்பி வந்ததும் ஆறு காசுகளைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று போனில் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை. ரொட்டியும் அவித்த முட்டையும் தட்டில் இருந்தன. டயர்க்காரர் பெட்டியை மேஜைமேல் வைத்து, இழையை அறுத்து, மூடியைத் திறந்தார்.

முதல் கூட்டை எடுத்தார். சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். அழுக்கு கூட்டின் மேல் இல்லை; உள்ளே காசில் இருந்தது. ஓரமெல்லாம் பழுப்பும் நீலமும் ஏறி, நடுவில் புகை படிந்த மாதிரி. அடுத்ததும் அப்படித்தான். அறுபத்தாறும் அப்படித்தான்.

மகன் சீட்டுகளைத் தரம் பார்த்த கம்பெனி அனுப்பியிருந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தான். "நம்பரெல்லாம் சரியா இருக்குப்பா."

"நம்பர் கூட்டுல இருக்கு. காசு?"

"கூட்டை உடைக்காம காசை எப்படிப்பா மாத்த முடியும்?"

டயர்க்காரர் திரும்பினார். முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்த மருமகளின் விரல்களைப் பார்த்தார். மற்ற இருவரும் அவர் பார்த்த இடத்தைப் பார்த்தார்கள்.

"உடைச்சு ஒட்டலாம்," என்றார். "கோடு தெரியாம ஒட்டற கை இருந்தா."

அவள் உரித்த முட்டையை அவர் தட்டில் வைத்தாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"என்ன மாமா சொல்றீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. மூணு நாள் சாவி எங்க இருந்துச்சு?"

"நீங்க குடுத்து எங்கிட்ட இருந்துச்சு. என் கழுத்துல போட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில உங்க காலடியிலதான உக்காந்திருந்தேன்?"

"ரெண்டாம் நாள் குளிக்க வீட்டுக்கு வந்த."

"அந்த இழை அறுபடவே இல்லையே மாமா?"

"அறுந்த இழைக்குப் பதிலா அதே கனத்துல இன்னொண்ணு ஒட்ட இந்தப் பட்டறையில யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். உனக்குத் தெரியும்." சற்று நிறுத்தினார். "வெள்ளியும் உங்க குடும்பத்துக்குப் புதுசு இல்ல."

அண்ணனை இழுத்ததும் அவள் எழுந்தாள். கணவனைப் பார்த்தாள். அவன் சீட்டு எண்களை மறுபடியும் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தான்.

"கடைக்காரர் கிட்டயே கேட்டுடலாமே," என்றார் மனைவி.

"அவன்கிட்டயா? அனுப்பும்போதே அவன் மாத்தியிருந்தா?"

"அப்ப அவனா, இவளா? ஒரு ஆளைச் சொல்லுங்க. ரெண்டு பேரையும் ஒரே காசுக்குத் திருடனாக்காதீங்க."

"எனக்கு யார் மேலயும் சந்தேகம் இல்ல," என்றார் டயர்க்காரர். "அதனாலதான் எல்லாரையும் கேக்கறேன்."

அடுத்த நாளிலிருந்து முனை சேர்க்கிற வேலையை மகனுக்குக் கொடுத்தார். மருமகளுக்குச் சுரண்டுகிற வேலை மட்டும். மகன் சேர்த்த டயரில் கோடு வாய்க்கால் மாதிரித் தெரிந்தது. ஒரு லாரிக்காரர் அதை விரலால் தடவி, "என்னங்க, உங்க பட்டறையில ஆள் மாறிட்டாங்களா?" என்றார். மாமியார் வழக்கம்போல் அவளுக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் பீரோச் சாவியை, இத்தனை வருஷம் அதன் கதவிலேயே தொங்கியதை, கையோடு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவள் பார்த்ததைப் பார்த்து, முந்தானைக்குள் மறைத்தார்.

அவள் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். நான்காம் நாள் அண்ணன் வீட்டுக்கு ஒருநடை போய்வர நினைத்துப் பையை எடுத்தாள். துணிகளை அவள் மூன்றாக மடிப்பவள். பைக்குள் எல்லாம் நான்காக மடிந்திருந்தன. அந்த வீட்டில் துணியை நான்காக மடிப்பது அவள் கணவன் ஒருவன்தான்.

பையை அப்படியே வைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தாள். துணிகளுக்கு நடுவில் வளையலைச் சுற்றியிருந்த துண்டு கலைந்து கிடந்தது. வளையலைக் கையில் எடுத்தாள். பிறகு டயர்க்காரரின் அறைக்குப் போனாள். காலிப் பெட்டி மேஜைமேல் வாயைத் திறந்துகொண்டு இருந்தது. காசுகளை அவர் தலையணைக்கடியில் மாற்றி, கூடுகள் பிடரியில் உறுத்த மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் கிடந்தார். அவள் பெட்டியில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள். வேகும் தொட்டியைத் திறந்ததும் முகத்தில் அடிக்குமே, அந்தக் கந்தக நெடி.

"அத்தை, இவரையும் கூட்டிட்டு வாங்க," என்றாள்.

எல்லாரும் வந்ததும், அவர்கள் கண்முன்னால் பல்பொடி போட்டு வளையலைத் தேய்த்தாள். புதுசு போலப் பளபளத்தது. ஈரம் போகத் துடைத்து, பெட்டிக்குள் காசு நின்ற தட்டிலேயே வைத்தாள்.

"பூட்டுங்க மாமா. சாவி உங்ககிட்ட இருக்கட்டும். இழையை நீங்களே ஒட்டுங்க. பெட்டியையும் உங்க கண் பார்வையிலயே வெச்சுக்குங்க."

"எதுக்கு?"

"பட்டறையில போட்டா கறுக்குதுன்னு சொன்னேன். உடம்புச் சூடுன்னு சொன்னீங்க. பெட்டிக்குள்ள உடம்பு கிடையாதுல்ல. பாப்போம்."

டயர்க்காரர் இழையை ஒட்டினார். ஒட்டிய பிறகு அதன்மேல் பேனாவால் குறுக்கே ஒரு கோடும் போட்டார். அவள் அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோரு நாள் பெட்டி அவர் கட்டில்மேல், சுவரோரமாக, ஒரு நோயாளி மாதிரிப் படுத்திருந்தது. அவர் கழிப்பறைக்குப் போனால் மனைவி காவல். பட்டறையில் மருமகள் சுரண்டினாள். தூசி அவள் புருவத்தில் ஏறியது. யாரும் ஜோக் அடிக்கவில்லை. மகன் ஒருமுறை தண்ணீர்ச் சொம்பை நீட்டினான். அதைக் கீழே வைக்கச் சொல்லி, பிறகு எடுத்துக் குடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் காலை டயர்க்காரர் பேனாக் கோட்டைச் சரிபார்த்து, இழையை அறுத்து, பூட்டைத் திறந்தார். பெட்டி உதட்டைப் பிரித்தது. அவர் வளையலை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார்.

கறுத்திருந்தது. தட்டில் பட்டிருந்த பக்கம் அடுப்புக்கரி மாதிரி. மற்ற பக்கம் நீலமும் பழுப்பும், காசுகளின் ஓரத்தில் இருந்த அதே நிறம். ஆனால் அவர் நிறத்தைப் பார்க்கவில்லை. வளையலைத் திருப்பித் திருப்பிக் கட்டைவிரலால் தடவினார். எதைத் தேடுகிறார் என்று அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. ஒரு குழி. இரண்டாவது. மூன்றாவது. அவருடைய சுத்தி போட்ட கையெழுத்து.

அவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"உங்க காசுக்கும் சூட்டு உடம்பு போல," என்றார் மனைவி. "தண்ணி நெறையக் குடுங்க."

டயர்க்காரர் சட்டை நுனியால் வளையலை மெல்லத் தேய்க்கத் தொடங்கினார்.

"தேய்க்காதீங்க மாமா," என்றாள் மருமகள். "அப்படியே குடுங்க."

கொடுத்தார். அவள் வாங்கிப் போட்டுக்கொண்டாள். முழங்கையைத் தாண்டி ஏறியிருந்த ரப்பர் தூசியில் அது தனியாகத் தெரியவில்லை.

"ஏம்மா," என்றார் அவர். குரல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது போல் ஆகியிருந்தது. "அப்ப காசை எங்கதான் வைக்கலாம்? நீயே ஒரு எடம் சொல்லு."

"எனக்குத் தெரியாத எடமாப் பாத்து வைங்க," என்றாள். எந்த டயரை முதலில் தொட்டியில் ஏற்றலாம் என்று சொல்லும் அதே குரல்தான்.

கணவன் பட்டறை வரை அவள் பின்னால் வந்தான். "நான் உன்னை ஒரு நாளும் சந்தேகப்படல."

"துணியை இனிமே மூணா மடிச்சு வைங்க," என்று சொல்லி அவள் இயந்திரத்தைப் போட்டாள். அதற்குமேல் அவன் சொன்னது எதுவும் கேட்கவில்லை.

காசுக்கடைக்காரர் வந்து பெட்டியைப் பார்த்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "ரப்பரா? மரம் வேண்டாம்னு சொன்னேன், ஈரம் வேண்டாம்னு சொன்னேன். ரப்பர்ல வைக்காதீங்கன்னு எனக்கு எப்படிங்க சொல்லத் தோணும்? அடுப்புல வைக்காதீங்கன்னும்தான் சொல்லல." ரப்பரிலிருந்து வரும் கந்தக ஆவி வெள்ளியைக் கறுக்கடித்துவிடும், காசுகள் போனது போனதுதான் என்றார். இனிமேல் ஏறாமல் பார்த்துக்கொள்ளலாம், லாக்கரில் வையுங்கள் என்றார்.

பேங்கிலிருந்து படிவம் வந்தது. முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் டயர்க்காரர் தன் பெயரை எழுதினார். இரண்டாவது இடத்தில் மருமகளின் பெயரை எழுதி, கையெழுத்துக்கு மகன் மூலம் அனுப்பினார். படிவம் அவள் வேலை மேஜையில், ரப்பர் பட்டைச் சுருளின் கீழ் கிடக்கிறது. அதன்மேல் பசை ஒரு சொட்டு விழுந்து காய்ந்தும்விட்டது. முனை சேர்க்கிற வேலை மறுபடி அவளிடம் வந்தது. கோடு தெரிவதில்லை. டயர்க்காரர் கோடு எங்கே என்று கேட்பதுமில்லை.

வேலைக்கு வரும்போது இப்போதெல்லாம் அவள் வளையலைக் கழற்றுவதில்லை. போன வாரம் டயர் எடுக்க வந்த லாரிக்காரர் ஒருவர் அவள் கையை உற்றுப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் டயர்க்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அது வெள்ளியா?"

"ஆமாங்க."

"ஏன் இப்படிக் கறுத்துக் கெடக்கு?"

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். உள்ளே தட்டில் கை அசையும் சத்தமும் நின்றது.

"உடம்புச் சூடுங்க," என்றாள்.